விருந்துக்கு ஒரு பை கொண்டுபோக வேண்டும்: எதைச் சுடுவது?

நான் முதன்முதலாகப் பை (ஆங்கிலேயர் ஓவனில் சுடும் pie) சுட்டு எடுத்துப்போனது இங்கிலாந்தின் லெஸ்டரில், ஒரு டிசம்பர் சனிக்கிழமை. உள்ளே கோழியும் லீக்ஸும், மேலே அடுக்கடுக்காகப் பஃப் மாவு. ஓவனிலிருந்து எடுத்தபோது ஊர் பேக்கரி முட்டை பப்ஸ் மாதிரி பொரபொரவென்று நிமிர்ந்து நின்றது. ஃபாயிலால் இறுக்கி மூடி, இரண்டு பஸ் மாறிப் போய்த் திறந்தால், சாம்பாரில் ஊறின அப்பளம். சரி, ஓவனில் கொஞ்ச நேரம் காட்டலாம் என்று பார்த்தால் அதில் வான்கோழி உட்கார்ந்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காதாம். மைக்ரோவேவில் வைத்தேன். அதுவரை நனைந்த அப்பளமாக இருந்தது அதன் பிறகு ரப்பராகிவிட்டது.

அன்றிரவு அம்மாவிடம் போனில் "பை சரியா வரலைம்மா" என்றேன். "ஜிப்பு போயிடுச்சா?" என்றாள்.

இந்த நாட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்துகளில் நம் ஆட்கள் பெரும்பாலும் பிரியாணியோ சமோசாவோ எடுத்துப்போவோம். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்பார்கள்: "இந்தத் தடவை அவங்க ஊர் பையையே செஞ்சு கொண்டுபோகலாம்னு இருக்கேன். எதைச் செய்யட்டும்?" மாவிலிருந்து எல்லாம் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் சில உண்டு.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

சுவையைப் பற்றி நான் கேட்பதே இல்லை. ஒழுங்காகச் செய்தால் எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கும். கேள்வி, ஓவனிலிருந்து எடுத்த பிறகு சாப்பிடும் வரை அதற்கு என்ன நடக்கப்போகிறது என்பதுதான்.

கடைசி இரண்டு மணி நேரம். காரா, பஸ்ஸா? போகிற வீட்டில் ஓவன் காலியாக இருக்குமா? போனதும் சாப்பாடா, அல்லது எட்டு மணிக்குத்தான் தட்டு எடுப்பார்களா? வீட்டுக்காரரிடம் இதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். "ஓவனில் இடம் இருக்கும்" என்று அவர் பொதுவாகச் சொன்னால் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் சாப்பிடுகிறார்கள். ஆங்கிலேயர் பையில் பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் மாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். லார்ட் என்றால் பன்றி. சூயட் என்றால் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. வூஸ்டர் சாஸில் மீன். சில சீஸ்களில் பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட். பளபளப்புக்காக மேலே பூசும் முட்டை. ஒரே மேஜையில் ஹலால் பார்ப்பவர், மாடு தொடாதவர், முட்டையும் சாப்பிடாத சைவர் மூவரும் இருந்தால் செய்முறையைத் தேடும் முன்பே இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு எந்த நாள் கிடைக்கிறது. விருந்தன்று காலை கிடைக்குமா, அல்லது வியாழன் ராத்திரி மட்டும்தானா?

கை தவறினால் தேறுமா. சில பைகள் மன்னிக்கும். சில மன்னிக்காது.

இந்தக் கணக்கில் நான் சொல்லும் நான்கு வகைகளும் இப்படி நிற்கின்றன (ஷார்ட்கிரஸ்ட் என்றால் பொலபொலவென்று உதிரும் வெண்ணெய் மாவு, பஃப் என்றால் அடுக்கடுக்காக எழும்பும் மாவு):

| வகை | முன்னாளே முடிக்கலாமா | பயணம் தாங்குமா | அங்கே ஓவன் வேண்டுமா | முதல் தடவை செய்பவருக்கு |
|---|---|---|---|---|
| மேலும் கீழும் ஷார்ட்கிரஸ்ட் | மாவும் பூரணமும் முன்னாள். சுடுவது அன்று | நன்றாக | இருந்தால் நல்லது | கவனமாக இருந்தால் வரும் |
| வெந்நீர் மாவுப் பை | முன்னாளே முடிக்க வேண்டும் | மிக நன்றாக | வேண்டாம் | கொழுக்கட்டை பிடித்த கைக்கு எளிது |
| மேல்மூடி மட்டும், பஃப் மாவு | பாதிதான் | தாங்காது | கட்டாயம் | மாவுக்குப் பொறுமை வேண்டும் |
| உருளைக்கிழங்கு மூடி | முழுவதும் | நன்றாக, ஆனால் கனம் | மைக்ரோவேவ் போதும் | கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் |

## மேலும் கீழும் ஷார்ட்கிரஸ்ட்

பை என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது இதுதான்: அடியில் மாவு, நடுவில் பூரணம், மேலே மாவு, சுற்றி விரலால் அழுத்திய விளிம்பு. அளவு சுலபம். மாவு இரண்டு பங்கு, கொழுப்பு ஒரு பங்கு. 23 செ.மீ. தட்டுக்கு 400 கிராம் பிளெயின் மாவு, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஐந்தாறு மேசைக்கரண்டி ஜில்லென்ற தண்ணீர், உப்பு. எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு துண்டு.

வெண்ணெயை மாவில் விரல் நுனியால் பிசிற வேண்டும். பதம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: புட்டு மாவு. பிடித்தால் பிடிக்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதன்பின் தண்ணீரைத் தெளித்து ஒன்று சேர்ப்பதோடு நிறுத்திவிடுங்கள். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கை தானாகச் சப்பாத்தி மாவுக்குப் போய்விடும். அழுத்தி, மடித்து, மெத்தென்று ஆகும்வரை பிசைவோம். சப்பாத்திக்கு வேண்டிய அந்த இழுவைதான் இங்கே எதிரி. கோதுமையின் குளூட்டன் நீண்டு பின்னிக்கொண்டால் மாவு சுடும்போது சுருங்கும், ஆறினால் வறட்டியாகும். சேர்த்ததும் தட்டையாக்கி மூடி அரைமணி ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் மன்னிப்புக் கிடைக்கும்.

இரண்டாவது எதிரி ஈரம். அடிமாவு வேகாமல் சொதசொதவென்று இருப்பதற்கு இந்த ஊரில் தனிப் பெயரே உண்டு, சாகி பாட்டம். 2010இல் தொடங்கிய பேக்கிங் போட்டி நிகழ்ச்சி ஒன்று அதை வீட்டுக்கு வீடு சொல்லும் கிண்டலாக்கிவிட்டது. தப்பிக்க வழி உண்டு. பூரணம் கெட்டியாக இருக்க வேண்டும்: வாணலியில் கரண்டியால் கோடு இழுத்தால் அந்தப் பாதை உடனே மூடக் கூடாது. பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாகக் கொட்டினால் வெண்ணெய் ஓவனுக்குப் போகுமுன்பே உருகிவிடும். பீங்கான் வேண்டாம், உலோகத் தட்டு. ஓவனுக்குள் ஒரு பேக்கிங் தட்டை முதலிலேயே காயவிட்டு அதன்மேல் பைத்தட்டை வையுங்கள், தோசைக்கல்லைக் காயவிடுவதுபோல. 200 டிகிரி செல்சியஸ், விசிறி ஓவன் என்றால் 180, நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். மேலே ஆவி போக இரண்டு கீறல்.

குருமாவை உள்ளே ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். தேங்காய்ப்பால் பிரிந்து அடிமாவில் இறங்கும். மிளகுக்கோழியைத் தொக்குப் பதத்தில் வற்றவிட்டு வைத்தால் அருமையாக இருக்கும். ஆனால் நான் திரும்பத் திரும்பச் செய்வது சீஸ்–வெங்காயப் பை. அரை கிலோவுக்கு மேல் வெங்காயத்தைச் சிவக்கவிடாமல் சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம் வதக்கி, வேகவைத்த உருளை கொஞ்சம், துருவிய ரெட் லெஸ்டர் 300 கிராம், மிளகு, கடுகு விழுது. அந்தச் சீஸ் எங்கள் ஊர்ச் சரக்கு, அதன் ஆரஞ்சு நிறம் அனாட்டோ விதையிலிருந்து வருவது. பாக்கெட்டில் சைவக் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முட்டைக்குப் பதில் பால் பூசினால் மேஜையில் இருக்கும் சைவர் அத்தனை பேரும் சாப்பிடலாம்.

இந்தப் பை வெதுவெதுப்பாகவும் நன்றாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும் என்பதில்லை. பஸ் பயணத்துக்கு இது பெரிய வசதி. போகும்போது ஃபாயிலால் இறுக்காமல் மேலே ஒரு பருத்தித் துண்டைப் போர்த்துங்கள், ஆவி வெளியே போகட்டும்.

மறைந்திருக்கும் செலவு: மாவு தேய்க்க ஒரு கை நீள மேடை, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு இடம், அடி கழன்று வரும் தட்டு. பாத்திரமும் பிசுக்கும் கழுவ அரைமணி. பணத்தைவிட நேரம்தான் அதிகம் போகும். ஊறலும் ஆறலும் சேர்த்து மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## வெந்நீர் மாவுப் பை

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் நம்மவர் கைக்கு இதைவிடப் பொருத்தமான பை இல்லை என்பது என் கட்சி.

தண்ணீரையும் கொழுப்பையும் கொதிக்கவிட்டு மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, சூடு ஆறுமுன் வடிவம் பிடிப்பது. எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதா? கொழுக்கட்டை மேல்மாவு. கொதிநீர் பட்டதும் மாவுச்சத்து ஒரு பகுதி அப்போதே வெந்து பசையாகிவிடுகிறது. அதனால் அந்த மாவைச் சொப்பாக நிமிர்த்தி வைத்தால் நிற்கும். ஆறவிட்டால் விரிசல் விடும், அதுவும் கொழுக்கட்டை மாதிரியேதான். மேலே ஈரத்துணி போட்டு மூடிவைத்து, தேவையானதை மட்டும் எடுத்து வேலை செய்யுங்கள். அளவு: மாவு 450 கிராம், கொழுப்பு 150 கிராம், தண்ணீர் 200 மி.லி., ஒரு தேக்கரண்டி உப்பு. 20 செ.மீ. உயரமான வட்டத் தகரத்துக்குச் சரியாக வரும்.

இந்த வகையின் பேர்பெற்ற பிள்ளை எங்கள் மாவட்டத்திலேயே பிறந்தது: மெல்டன் மௌப்ரே போர்க் பை. 2009 முதல் அந்தப் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு, நம் திண்டுக்கல் பூட்டுக்கு இருக்கும் குறியீடு மாதிரி. அச்சுத் தகரமில்லாமல் சுடுவதால் பக்கங்கள் தொந்தி விழுந்தாற்போல் வெளியே தள்ளியிருக்கும். உப்பில் பதப்படுத்தாத பன்றிக்கறி என்பதால் உள்ளே இளஞ்சிவப்பாக இல்லாமல் சாம்பல் நிறம். சுட்டபின் மேல் துளை வழியாக எலும்புச் சாற்றை ஊற்றினால் அது ஆறி ஜெல்லியாகிக் காற்றிடத்தை அடைக்கும். ஸ்டில்டன் சீஸ் செய்தபின் மிஞ்சிய மோர்நீரைப் பன்றிக்கு ஊற்றினார்கள். நரிவேட்டைக்குப் போனவர்கள் இந்தப் பையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். குதிரைமேல் குலுங்கியும் உடையாத பை உங்கள் பஸ்ஸில் உடையப்போவதில்லை.

நம் மேஜைக்கு அதே முறையில் இரண்டை மாற்றினால் போதும். லார்டுக்குப் பதில் வெள்ளைத் தாவரக் கொழுப்பு, ஊரில் டால்டா என்போமே அந்த வகை. ஜெல்லியை விட்டுவிடலாம், கடை ஜெலட்டின் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோதான் பெரும்பாலும் வரும். உள்ளே கோழித் தொடைக்கறியைக் கையால் நறுக்கி, மிளகு, சோம்பு, கொத்தமல்லித்தழை சேர்த்து அழுத்தி நிரப்பி, நடுவில் வரிசையாக அவித்த முட்டைகள். அறுக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் மஞ்சள் வட்டம் தெரியும். சைவத்துக்குப் பனீர், நன்றாகப் பிழிந்த கீரை, சுட்ட பூசணி என்று அடுக்கலாம். கறி பச்சையாகவே உள்ளே போவதால் 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் வெப்பமானி 75 காட்ட வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லும் வேலை இல்லை இது.

பிறகு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ். குளிர்ச்சியாகத்தான் அறுக்க வேண்டும், அப்படித்தான் சாப்பிடவும் வேண்டும். விருந்தன்று உங்களுக்கு வேலையே கிடையாது, வீட்டுக்காரர் ஓவன் பக்கமும் போக வேண்டாம். குளிர்ப்பையில் எடுத்துப்போங்கள், வெளியே எடுத்த பிறகு நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

குறை என்ன? "ஆறிப்போச்சே, சூடு பண்ணலியா?" என்று நம் ஆட்கள் ஒருவராவது கேட்பார். குளிர்ந்த கறி நம் நாக்குக்குப் பழக்கமில்லை. விருந்தினர் முக்கால்வாசி நம்மவர் என்றால் இந்தப் பை பாதியாகத் திரும்பி வரும். முக்கால்வாசி ஆங்கிலேயர் என்றால் தட்டைத் துடைத்துவிடுவார்கள். கூடவே ஒரு சின்னப் புட்டி மாங்காய்த் தொக்கு கொண்டுபோனால் இரு பக்கமும் சமாதானம். ஓவன் ஒன்றரை மணி நேரம் எரியும் கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## மேல்மூடி மட்டும், பஃப் மாவில்

என்னைக் கவிழ்த்தது இதுதான். ஆழமான பாத்திரத்தில் குழம்புப் பதத்தில் கறி, மேலே மட்டும் மாவு. மெல்டன் மௌப்ரேயில் நடக்கும் பிரிட்டிஷ் பை விருதுகளில் இதற்கு இடமே கிடையாது. பூரணத்தை முழுவதுமாக மாவு மூடியிருந்தால்தான் அங்கே பை. உங்கள் ஆபீஸிலும் ஒருவர் "இது மூடி போட்ட ஸ்டியூ" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். சொல்லட்டும்.

முழுமையான பஃப் மாவை மூன்றாக மடித்து மடித்து ஆறு முறை தேய்த்தால் 729 அடுக்கு. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ரஃப் பஃப் போதும்: 250 கிராம் மாவு, 200 கிராம் வெண்ணெயைக் கட்டி கட்டியாகவே விட்டு, குளிர்ந்த நீரால் சேர்த்து, நாலு முறை மடித்தால் 81. பரோட்டாவுக்கு வீசி மடிப்பதன் தூரத்து உறவு. ஒவ்வொரு இரண்டு மடிப்புக்கும் நடுவே இருபது நிமிடம் ஃபிரிட்ஜ். வெண்ணெயில் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. வெண்ணெய் கையிலேயே உருகிவிட்டால் தூக்க ஒன்றும் இருக்காது.

எது தூக்கியதோ அதுவேதான் பிறகு கெடுக்கும். அடியிலிருக்கும் குழம்பின் ஆவி ஒரு மணி நேரத்தில் மூடியை நனைத்துவிடும். ஆகவே இதை உங்கள் வீட்டிலேயே விருந்து என்றால் செய்யுங்கள். அல்லது போகிற வீட்டு ஓவன் நிச்சயம் என்றால், சுடாமல் எடுத்துப்போய் அங்கே சுடுங்கள். மூன்றாவது ஒரு குறுக்கு வழி உண்டு. மூடியைப் பாத்திர அளவுக்கு வெட்டித் தட்டில் தனியாகச் சுட்டு, அட்டைப் பெட்டியில் காற்றாட எடுத்துப்போய், சூடாக்கிய கறிமேல் சாப்பிடும் நேரத்தில் வைப்பது. அந்தச் சனிக்கிழமை இது தெரிந்திருந்தால் வான்கோழியோடு எனக்கு விரோதமே இல்லை. கறியைச் சூடாக்கும்போது நடுவில் 70 டிகிரிக்கு வந்து இரண்டு நிமிடமாவது நிற்க வேண்டும் என்கிறது இங்குள்ள உணவுத் தர முகமை.

மாவைக் கடையில் வாங்கிவிடலாமா? இந்த ஒரு வகைக்கு மட்டும் நான் தடுக்க மாட்டேன். மலிவான பாக்கெட்டுகள் பலவற்றில் வெண்ணெயே இருக்காது, தாவர எண்ணெய்தான். பால்கூடச் சாப்பிடாதவர்களுக்கு அது தற்செயலான நன்மை.

## உருளைக்கிழங்கு மூடி

ஆட்டுக் கொத்துக்கறி என்றால் ஷெப்பர்ட்ஸ் பை, மாடு என்றால் காட்டேஜ் பை. மாவே கிடையாது. வெங்காயம், கேரட்டோடு கொத்துக்கறியை வற்றவிட்டு, மேலே மசித்த உருளையைப் பரப்பி, முள்கரண்டியால் கோடு போட்டு, மேடுகள் சிவக்கும்வரை சுடுவது. எட்டுப் பேருக்குக் கறி 900 கிராம், மாரிஸ் பைப்பர் மாதிரி மாவுக்கிழங்கு ஒன்றேகால் கிலோ.

முதல் தடவை செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கெடுக்க வழியே குறைவு. கிழங்கை மிக்ஸியில் போடாமல் கையால் மசித்தால் போதும், மிக்ஸியில் போட்டால் கோந்தாகும். முன்னாளே முடித்துவிடலாம். மைக்ரோவேவில் சூடாக்கினாலும் கெடாத ஒரே பை இதுதான். கோதுமை ஆகாதவர்களுக்கும் பொருந்தும், வூஸ்டர் சாஸும் ஸ்டாக் கட்டியும் சேர்க்காவிட்டால். கறிக்குப் பதில் முழு மைசூர்ப் பருப்பும் காளானும் போட்டால் சைவம்.

குறை இரண்டு. ஒன்று, கனம்: பீங்கானோடு சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் வரும், பஸ்ஸில் மடியில் வைத்துப் பாருங்கள், தெரியும். இரண்டு, பார்வைக்கு ஏழை. பக்கத்தில் பொன்னிறமாக ஒரு ஷார்ட்கிரஸ்ட் பை இருந்தால் உங்களுடையதை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். முதலில் காலியாவது என்னவோ உங்களுடையதுதான்.

## உங்கள் நிலைமை எது

பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறீர்கள், அங்கே ஓவன் சந்தேகம், சைவர்களும் வருகிறார்கள்: சீஸ்–வெங்காய ஷார்ட்கிரஸ்ட், முட்டைப் பூச்சு இல்லாமல். நான்கில் ஒன்றைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்யலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

கிறிஸ்துமஸ் வாரம், ஒரே ஓவனுக்கு நாலு பேர் சண்டை, உங்களுக்கு முன்னாள் ராத்திரி மட்டும் நேரம்: வெந்நீர் மாவு.

விருந்து உங்கள் வீட்டில், வருபவர்கள் நேரத்துக்கு வருபவர்கள்: பஃப் மூடி. நேரத்துக்கு வராதவர்கள் என்றால், நம் உறவினர்களைச் சொல்கிறேன், உருளைக்கிழங்கு மூடி.

முப்பது பேர், தட்டு கரண்டி இல்லாமல் நின்றுகொண்டே சாப்பிடும் கூட்டம் என்றால் இந்த நான்கும் வேண்டாம். கார்னிஷ் பாஸ்டி வழியில் போங்கள்: ஷார்ட்கிரஸ்ட் மாவை வட்டமாக வெட்டி, பூரணம் வைத்து அரைவட்டமாக மடித்து, ஓரத்தைச் சோமாசி மாதிரி முறுக்குவது. அசல் கார்ன்வால் பாஸ்டியில் மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், ஸ்வீடு (swede) என்கிற கிழங்கு எல்லாம் பச்சையாகவே உள்ளே போகும். நீங்கள் உருளை மசாலா வைத்தாலும் ஓரம் முறுக்கும் வேலை அதேதான். தீபாவளிக்குச் சோமாசி முறுக்கிப் பழகிய ஆள் ஒருவர் கூட இருந்தால் முப்பதும் ஒரு மணி நேரத்தில் தட்டில் ஏறிவிடும். பாத்திரத்தை மறந்துவிட்டு வரும் கவலையும் கிடையாது. மற்ற நாலுக்கும், தட்டின் அடியில் பெயர் எழுதி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். என்னுடைய 23 செ.மீ. தட்டு ஒன்று இரண்டு வருடமாக யார் வீட்டிலோ இருக்கிறது.